எனக்கும் ஆட்டிசமா? வளர்ந்த பிறகு சந்தேகம் வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் ஒரு ஆடை ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், முருகேஷ்பாளையாவில் வீடு, சொந்த ஊர் கோவில்பட்டி. அக்கா பையனை ஆட்டிசம் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். அக்கா ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து "இது எல்லாரும் செய்றதுதானே, நான் இன்னைக்கும் செய்றேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது கேள்வியிலோ என்னவோ அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, என் 39ஆவது வயதில், எனக்கும் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போதிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீசில் இருப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் யாரோ கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஆட்டிசம் என்பது பேச்சு வராத குழந்தைகளுக்கு இருப்பதல்லவா? பெரியவர்களுக்கு எப்படி வரும்?

பெரியவர்களுக்குப் புதிதாக வருவதில்லை. பிறவியிலேயே இருப்பதைப் பெரியவர் ஆன பிறகு கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான். இவ்வளவு தாமதம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் பல காலம் ஆட்டிசத்தின் முகமாக இருந்தது. மறு வருடமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நன்றாகப் பேசுகிற, ஆனால் மற்றவர்களோடு ஒட்டாத பையன்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். இவர்கள் இருவருக்கும் முன்னால், 1925இலேயே, சோவியத் நாட்டில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களை வைத்து ஏறக்குறைய இதையேதான் எழுதியிருந்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1981இல் இங்கிலாந்தில் லோர்னா விங் ஆஸ்பெர்கரின் வேலையைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் பேச்சும் படிப்பும் நன்றாக வருகிறவர்களிடமும் இது இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது. அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மில் 1994இல் ஆஸ்பெர்கர் என்று ஒரு பெயர் ஏறியது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தப் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

இப்போது உங்கள் பள்ளிக்கூட வருடங்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எண்பதுகளில், தொண்ணூறுகளில் கோவில்பட்டியிலோ கோலாரிலோ மார்க் வாங்குகிற, வம்புக்குப் போகாத ஒரு பிள்ளையை யார் எங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்?

தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். அரசு அறிவிப்புகளில் "புற உலக சிந்தனையற்ற" என்றுகூட வரும். எனக்குப் புற உலகச் சிந்தனை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி, மேல் மாடி நாற்காலி இழுக்கும் சத்தம், எதிர் வீட்டில் வறுக்கும் மிளகாய் என்று புற உலகம்தான் என்னை விடுவதே இல்லை. அதனால் நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

சரி, எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன அறிகுறிகள்?

கையேட்டின்படி இரண்டு பக்கம் பார்க்கிறார்கள். ஒன்று, மனிதர்களோடு பேசிப் பழகுவதில் உள்ள சிரமம். இதில் மூன்று விஷயங்கள், மூன்றுமே இருக்க வேண்டும். பேச்சில் கொடுத்து வாங்குவது, முகம், கை, குரல் வழியாகச் சொல்வதையும் புரிந்துகொள்வதையும் செய்வது, உறவுகளை உண்டாக்கி வைத்துக்கொள்வது. இன்னொன்று, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்துகொள்வது, மாற்றம் தாங்காதது, ஒரே விஷயத்தில் ஆழமாக மூழ்குவது, ஒலி, ஒளி, தொடுதல், வாசனை எல்லாம் மற்றவர்களைவிட அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு. இவை சிறு வயதிலிருந்தே இருக்க வேண்டும், வாழ்க்கையில் உண்மையாகவே இடைஞ்சல் செய்ய வேண்டும்.

படிக்கும்போது யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன்.

கல்யாணத்தில் பார்த்த ஒரு தூரத்து அத்தை "ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நான் போய் நின்றேன். எனக்கு அப்போது 26 வயது. அத்தை நைட்டியோடு கதவைத் திறந்து திகைத்து நின்ற முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது திகைப்பு என்று எனக்குப் புரிந்தது அன்று ராத்திரி படுத்த பிறகுதான். "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால் என்ன சாப்பிட்டேன், சட்னியில் உப்பு குறைச்சல் என்பது வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி ஒன்று என்பதை நான் யாரோ எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த மாதிரி பிற்பாடு கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் யாரும் இதைக் கற்றுக்கொண்டதாகவே சொல்வதில்லை.

கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் அட்சதையோடு முன்னால் போவார்கள், நான் காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விடுவேன். அங்கேயும் சத்தம்தான், ஆனால் எப்போது வரும் என்று தெரிகிற சத்தம். பட்டுப்புடவையின் ஜரிகை கழுத்தில் படுவது எனக்கு உறுத்தல் இல்லை, வலி. ஆனால் அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தை வெறும் கையால் பிடித்துவிடுவேன், சூடு அப்புறம்தான் உறைக்கும். பசிக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா என்பதும் அப்படித்தான், சாயங்காலம் நாலு மணிக்குத் தலை சுற்றும்போதுதான் மதியம் சாப்பிடவில்லை என்று தெரியும். உடம்பின் உள்ளே இருந்து வருகிற செய்தி தாமதமாக வருவது ஆட்டிசம் உள்ள பலரிடம் இருக்கிறது. தனக்கு இப்போது கோபமா, துக்கமா, களைப்பா என்று பெயர் வைக்கத் தெரியாமல் இருப்பதும் அப்படியே, அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர்.

பதினோரு வருடமாக ஒரே தர்ஷினியில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஓட்டலில், அதே இரண்டு இட்லி, ஒரு வடை. ஒரு நாள் கடை மூடியிருந்தால் அன்றைய நாளே கோணலாகிவிடும். ரயில்வே நேர அட்டவணைகளை நான் கதைப் புத்தகம்போல வாசிப்பேன், எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டால் எனக்கு அன்று தீபாவளி. பேசும்போது கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே இருப்பேன். சின்ன வயதில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியதற்கு வாங்கிய அடியில் அது விரல் நுனிக்கு இடம் மாறிவிட்டது.

இதில் ஒன்று இரண்டு உங்களுக்கும் இருந்தால் ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை. மொத்தமாக, சின்ன வயதிலிருந்து, எல்லா இடத்திலும் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதுதானே இதெல்லாம்?

இருக்கிறது. சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும், கூட்டத்தில் யாருக்குத்தான் களைப்பு வராது. நான் கணக்குப் பார்க்கிறவள், அதனால் இப்படித்தான் யோசிக்க வரும்: பொருள் ஒன்றுதான், அதற்கு ஒவ்வொருவர் கொடுக்கிற விலை என்ன? என் வீட்டுக்காரரும் நானும் அதே கல்யாணத்துக்குப் போகிறோம். அவருக்கு ராத்திரி ஒரு தூக்கம் போதும். நான் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு ஒன்றரை நாள் படுத்துக் கிடப்பேன், பேச்சு வராது, அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். வெளியே இருந்து பார்த்த யாருக்கும் அந்த ஒன்றரை நாள் தெரியாது. "நேத்து கல்யாணத்துல நல்லாத்தானே சிரிச்சுப் பேசினா" என்பார்கள்.

நான் பெங்களூருக்கு வெளியூர்க்காரன், கன்னடம் சரியாக வராது. அதனால்தான் ஒதுங்கி இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்தேன். அது காரணமாக இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் எனக்குப் பதினைந்து வருடம் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது இதுதான். ஆபீசில் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் வாய் திறக்கவில்லையா, அவர்கள் கன்னடத்தில் பேசுகிறார்கள். ஜோக் புரியவில்லையா, அது ஹிந்தியில் சொன்னது. பக்கத்து ஃபிளாட்டில் யாரையும் தெரியாதா, பெங்களூரே அப்படித்தான். ஆட்டோக்காரரிடம் பேசுவதற்கு முன் இந்திராநகருக்கு எவ்வளவு என்று மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேனா, மொழி புதிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது, அதுவும் நியாயமான காரணம், யாரும் சந்தேகப்பட முடியாத காரணம்.

அதோடு இன்னொரு வசதியும் உண்டு. வெளியூர்க்காரர் கொஞ்சம் விறைப்பாக, புத்தகத்தில் இருந்து எடுத்த மாதிரி பேசினால் ஊர் மன்னித்துவிடும். கன்னடத்தை நான் வாய்ப்பாடு மாதிரி கற்றுக்கொண்டேன், எந்த இடத்தில் எந்த வாக்கியம் என்று. என்னைப் பாராட்டினார்கள். தமிழையும் நான் அப்படித்தான் பேசுகிறேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மொழி ஒரு பிரச்சினையே இல்லாத இடத்தில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? சொந்த ஊர்ப் பொங்கலுக்குப் போகிறீர்கள், எல்லோரும் தமிழ், எல்லோரும் சொந்தம். முற்றத்தில் சித்திமார்கள் உட்கார்ந்து பேசும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? நான் மச்சில், பழைய பேப்பர் கட்டோடு. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால்? நான் ஆய்வகத்துக்கு வெளியே இருந்த தூணைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன், அங்கே ஒரு கன்னட வார்த்தைகூட இல்லை. ஊருக்குப் போனதும் உங்களுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்து, வாய் ஓயாமல் பேசி, திரும்ப பெங்களூர் சில்க் போர்டு வந்து இறங்கியதும்தான் மறுபடி சுருங்கிப் போகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். புலம்பெயர்ந்தவரின் தனிமையாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிலர் ஊரில் ஓரளவு சமாளித்துக்கொண்டு இருப்பார்கள். அம்மா வேளா வேளைக்குச் சோறு போடுவார், அதே தெரு, அதே முகங்கள், அதே டீக்கடை. பெங்களூர் வந்து பிஜியில் தங்கி, அறையில் இரண்டு பேர், ட்ராஃபிக், மேனேஜர், மாதம் ஒரு குழு என்று மாறியதும் ஆறே மாதத்தில் நொறுங்கிப் போவார்கள். வாழ்க்கை கேட்பது நம் சக்திக்கு மேல் போகும்வரை அறிகுறிகள் முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இணையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தேன், 34 வந்தது. அப்படியென்றால் உறுதிதானா?

நீங்கள் எடுத்தது பெரும்பாலும் ஏக்யூ என்ற ஆட்டிசக் கேள்வித்தாளாக இருக்கும். 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹனும் குழுவினரும் செய்தது, 50 கேள்விகள், 32ஓ அதற்கு மேலோ என்றால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம், அவ்வளவுதான். ராட்ஸ்-ஆர் என்று 80 கேள்விகளோடு இன்னொன்று, அதில் 65 எல்லை. மறைத்துக்கொள்வதை மட்டும் அளக்க கேட்-க்யூ, 25 கேள்விகள். பதற்றம், மனச்சோர்வு, ஏடிஎச்டி (கவனம் நிற்காமல், துறுதுறுவென்று இருப்பது) இருப்பவர்களுக்கும் இவற்றில் எண் ஏறும்.

கேள்விகளே நமக்குப் பொருந்தாமல் இருப்பதும் உண்டு. ஏக்யூவில் நூலகத்துக்குப் போக விருப்பமா, பார்ட்டிக்குப் போக விருப்பமா என்று வரும். பார்ட்டியே இல்லாத ஊரில் வளர்ந்தவள் என்ன சொல்ல? சித்தி பெண்ணின் பூப்புனித நீராட்டு விழா என்று வைத்துக்கொண்டு பதில் போட்டேன். இன்னொரு தொல்லை, ஆட்டிசம் உள்ளவர்களே இந்தக் கேள்விகளை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டு "எந்தப் பார்ட்டி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு?" என்று மாட்டிக்கொள்வோம். எண்ணைவிட, எந்தக் கேள்வியில் எதற்காக நின்றீர்கள் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் குறிப்புதான் உதவும்.

நான் கண்ணைப் பார்த்துப் பேசுகிறேன், வேலையில் இருக்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு டாக்டர் இதைச் சொல்லியே இல்லை என்றுவிட்டாரே?

எனக்கும் நடந்தது. முதலில் போன இடத்தில் ஏழு நிமிடம் பேசிவிட்டு, "நல்லா ஐ காண்டாக்ட் குடுக்கறீங்களே, குடும்பம் நடத்தறீங்களே, சும்மா நெட்டுல படிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, மூக்குக் கண்ணாடியின் நடுப்பாலத்தைப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் "பேசும்போது எங்கடி பாக்குற" என்று தலையில் குட்டிய பிறகு நானாகக் கண்டுபிடித்த வழி. மூன்று விநாடி பார்ப்பது, ஒரு விநாடி வேறு பக்கம், மறுபடி மூன்று. இதை எண்ணிக்கொண்டே எதிராளி என்ன சொல்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

இப்படி மறைப்பதைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள். பெண்களிடம் இது அதிகம், நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அது பயிற்சியாகவே கொடுக்கப்படுகிறது. வந்தவங்களைப் பார்த்துச் சிரி, காபி கொண்டு போய்க் கொடு, நமஸ்காரம் பண்ணு, வாயை மூடிக்கொண்டு உட்கார். அமைதியான பெண் என்பது நம் ஊரில் புகழ்ச்சி. அதே அமைதி ஒரு பையனிடம் இருந்தால் "என்னடா இவன் யாரோடும் சேர மாட்டேங்கிறான்" என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

வேலையும் கல்யாணமும் ஆட்டிசம் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. பார்த்து முடித்த கல்யாணத்தில் நான் யாரையும் காதலிக்க வேண்டியிருக்கவில்லை, யாருக்கும் சமிக்ஞை காட்ட வேண்டியிருக்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இப்படிப் பழக்கவழக்கம் தூக்கிக்கொண்டு போகிற படிகளில் நாம் ஏறிவிடுவோம், யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இருப்பது ஆட்டிசமா, ஏடிஎச்டியா, கூச்சமா, ஓசிடியா? எப்படிப் பிரிப்பது?

நீங்களாக முழுசாகப் பிரிக்க முடியாது, அதற்குத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். தோராயமாகச் சொன்னால், சமூகப் பதற்றம் உள்ளவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் தடுக்கும். எனக்குப் பயம் வருவதற்கு முன்னாலேயே என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியாது, பயம் பல தடவை அடி வாங்கிய பிறகு வந்தது. ஓசிடியில் திரும்பத் திரும்பச் செய்வது வேதனை, செய்யாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்ற உந்துதல். நான் ரயில் அட்டவணை படிப்பது சுகம். ஏடிஎச்டியும் ஆட்டிசமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம், நிறையப் பேரிடம் இருக்கிறது. 2013க்கு முன் இரண்டையும் ஒன்றாக எழுதக் கையேடு அனுமதிக்கவே இல்லை என்பதால் பழைய டாக்டர்கள் சிலர் இன்னமும் "இரண்டில் ஒன்றுதான்" என்பார்கள். சிறு வயதில் அடி, வன்முறை, இழப்பு பார்த்தவர்களிடமும் இதே போன்ற அறிகுறிகள் தெரியலாம். தைராய்டையும் காது கேட்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சின்னச் செலவுதான்.

பெங்களூரில் எங்கே போவது? தமிழில் பேச முடியுமா?

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, நாட்டிலேயே பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிற இடம், அதனால் வராந்தாவில் தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். அரசு நிறுவனம், கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். ஒரே நாளில் முடியாது, பல தடவை வர வேண்டியிருக்கும், காத்திருக்கும் கூடத்துக்குக் காதடைப்பானும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

தனியாரிடம் போனால் இரண்டு விதமானவர்கள்தான் இதை முறையாகச் சொல்ல முடியும். ஒன்று மனநல மருத்துவர். இன்னொன்று இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்சிஐ, பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கவுன்சிலர், லைஃப் கோச், ஹீலர் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், இதை எழுதிக் கொடுக்க அவர்களால் முடியாது. போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெரியவர்களுக்கு ஆட்டிசம் அசெஸ்மெண்ட் செய்திருக்கிறீர்களா?" இழுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு என்று ஏடோஸ் சோதனையில் நான்காம் பிரிவு இருக்கிறது, சிலர் அதைச் செய்வார்கள், சிலர் நீண்ட பேட்டியிலேயே முடிவு செய்வார்கள். எத்தனை அமர்வு, மொத்தம் எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனதில் இருப்பது தமிழில்தான் வரும் என்றால் தமிழ் தெரிந்தவரையே தேடுங்கள். ஆங்கிலத்தில் நான் பேசுவது எல்லாமே ஆபீஸ் மீட்டிங்கில் பொறுக்கிய வாக்கியங்கள், அதில் என் கஷ்டம் எதுவும் தெரியாது, நான் ஏதோ மிகவும் சாமர்த்தியசாலிபோலத் தெரிவேன்.

அம்மாவையோ அப்பாவையோ ஏன் கூப்பிடச் சொல்கிறார்கள்?

சிறு வயதிலிருந்தே இருந்ததா என்று தெரிய வேண்டுமே. என் அம்மா ஊரில் இருந்ததால் போனில் ஸ்பீக்கரில் பேசினார். "இவ ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா. சாதாரணப் புள்ள." சரி, எப்படி விளையாடுவாள்? "புளியங்கொட்டைய வரிசையா அடுக்குவா. சின்னதுல இருந்து பெருசு. நாள் பூரா. யாராச்சும் ஒண்ண எடுத்துட்டா அன்னைக்கு வீடு ரெண்டுபடும், சோறு எறங்காது." மற்ற பிள்ளைகளோடு? "அதான் சொன்னேனே, தொந்தரவே இல்ல, தனியா இருப்பா." தலை வாரும்போது? "அய்யோ, ஊரே கூடிரும். நாலு வயசுல மொட்ட போட்டுட்டோம்." சைக்காலஜிஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு இன்றுவரை நான் சாதாரணப் பிள்ளைதான், ஏனென்றால் அம்மாவின் தம்பி, என் மாமா, இதே மாதிரி சாவிகளை அடுக்கினார்.

பெற்றோர் இல்லையா, சொல்ல விரும்பவில்லையா, அண்ணன் அக்காவைக் கேட்கலாம். பழைய மதிப்பெண் அட்டையில் டீச்சர் எழுதிய குறிப்புகூட உதவும். பெற்றவர்களிடம் "எனக்கு ஆட்டிசமா?" என்று ஆரம்பிக்காதீர்கள், தங்கள் வளர்ப்பைக் குற்றம் சொல்வதாகக் கேட்டுக்கொள்வார்கள். "நான் சின்னதுல எப்படி இருந்தேன்?" என்றால் இரண்டு மணி நேரம் தானாகவே வரும்.

சான்றிதழ் வாங்க முடியுமா? அதனால் என்ன பயன்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடிக்கு இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழு முன் போக வேண்டும். அவர்கள் ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்வி கொண்ட இந்திய அளவுகோலை வைத்திருக்கிறார்கள், 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்ற கணக்கு. அந்தக் கேள்விகளில் பல குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தவை. நாற்பது வருடம் மறைத்துப் பழகியவர் அதில் சறுக்கிவிடுவது சகஜம், அதனால் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதியிருந்தும் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். கிடைத்து, அதில் எழுதிய குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அரசு வேலை ஒதுக்கீடு உட்படச் சில உரிமைகள் உண்டு. வருமான வரியில், 1961ஆம் வருடச் சட்டத்தின் 80யூ பிரிவின்படி 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ஆட்டிசத்துக்குத் தனிப் படிவம் உண்டு, அதில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. புதிய 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடிட்டரிடம் சண்டை போடாதீர்கள்.

நான் விண்ணப்பிக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், கொள்கை ஒன்றும் இல்லை.

பரிசோதனைக்குக் காசோ தைரியமோ இல்லை. நானே எனக்கு ஆட்டிசம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

உங்களுக்குள் சொல்லிக்கொண்டு அதற்கேற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் மேலே சொன்ன மாதிரி வேறு ஒன்று அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கலாம். அதனால் கதவைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், "இருக்கலாம்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உண்டா? குணமாகுமா?

ஆட்டிசத்துக்கே என்று மருந்து கிடையாது. கூடவே இருக்கிற பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வுக்கு உண்டு. ஸ்டெம் செல், ஒட்டகப் பால், கன உலோகத்தை உடம்பிலிருந்து எடுக்கிறேன் என்பவர்கள் வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள். தடுப்பூசியால் வந்தது என்ற 1998 கட்டுரையை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வீட்டில், ஆபீசில் சொல்லிவிடலாமா? எனக்கு வரன் பார்க்கிறார்கள், அவர்களிடம்?

ஆபீசில் பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம். "எனக்குச் சுவரைப் பார்த்த இடம் கொடுங்கள், சத்தத்தில் கணக்குத் தப்பாகிறது", "வாய்மொழியாகச் சொன்னதை ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள்." இரண்டும் எனக்குக் கிடைத்தன, யாரும் காரணம் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

வரன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், தரகருக்கும் சொல்ல வேண்டாம், மாமியாருக்கும் அவசியம் இல்லை. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நேராக, நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல வராவிட்டால் நடப்பதைச் சொல்லுங்கள்: விசேஷ வீட்டுக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேச மாட்டேன், அது உங்கள்மேல் கோபம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் ஒன்பது வருடம் ஒவ்வொரு கல்யாணத்துக்கு அப்புறமும் "நான் என்ன தப்பு பண்ணேன்" என்று யோசித்திருக்கிறார். அதை அவர் சொன்னபோது என் பரிசோதனை முடிவைக் கேட்டதைவிட அதிகமாக அழுதேன்.

ஜாதகத்தில் சனி என்று சொல்லி வருகிற பாட்டியிடம் வாதம் வேண்டாம். திருநள்ளாறு போய் வாருங்கள், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து.

எல்லாவற்றையும் விட்டுவிடலாம்போல இருக்கிறது. எழுந்திருக்கவே முடியவில்லை. இதுவும் ஆட்டிசமா?

வருடக்கணக்காக மறைத்து நடித்துத் தேய்ந்து போவதை ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட் என்கிறார்கள். முன்பு செய்ய முடிந்தது, குளிப்பதும் சமைப்பதும்கூட, முடியாமல் போகும். ஆனால் மனச்சோர்வும் இப்படித்தான் தெரியும், இரண்டும் சேர்ந்தும் வரும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது, ஆகவே இதைப் பொறுத்திருந்து பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் உண்டு. எனக்குப் போன் என்றாலே கை நடுங்கும் என்பதால், சொல்ல வேண்டிய முதல் இரண்டு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். பேச வராவிட்டால் அருகில் இருக்கிற ஒருவரை உங்களுக்காகப் பேசச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. அவருக்கும் இருக்கிறதுபோலத் தெரிகிறது. சொல்லலாமா?

இது குடும்பத்தில் ஓடுவதுதான். அவராகக் கேட்டால் சொல்லுங்கள். இல்லையென்றால் அவருடைய நாற்காலியை நகர்த்தாமல் இருங்கள், போதும்.

இவ்வளவும் செய்து போய், கடைசியில் ஆட்டிசம் இல்லை என்று சொல்லிவிட்டால்?

காரணம் கேளுங்கள், அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். ஏழு நிமிடத்தில் சொன்ன "இல்லை" என்றால் இன்னொருவரைப் பாருங்கள். நான்கு அமர்வு உட்கார்ந்து, வீட்டாரிடம் பேசி, வேறு இன்னது என்று விளக்கிச் சொன்ன "இல்லை" என்றால் அதை நம்பலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டுத் தனக்கும் இதுதான் என்று உறுதியாகப் போனார். அவருக்குச் சமூகப் பதற்றம் என்றார்கள். முதலில் அவருக்கு ஏமாற்றம், என்னிடம் பத்து நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் எட்டு மாதம் சிகிச்சைக்குப் போனார். இப்போது ஆபீசில் எல்லோருக்கும் சேர்த்து ஹோட்டலுக்குப் போன் போட்டு, பிரியாணியில் பீஸ் குறைந்தால் சண்டையும் போடுகிறார். நான் இன்னும் கேஸ் சிலிண்டருக்குச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.